பழைய லேலண்ட் பஸ்ஸுக்கு ஹெட்லைட் பாகங்களை எங்கே, எப்படித் தேடுவது?

1970களின் அசோக் லேலண்ட் சேஸிஸில், அதாவது எஞ்சினும் சக்கரமும் உள்ள அடிச்சட்டத்தில், கட்டிய ஒரு பஸ்ஸுக்கு ஹெட்லைட் பாகம் எங்கே கிடைக்கும் என்பது கேள்வி. ஒரு பக்கம் கண்ணாடி உடைந்திருக்கிறது, மறுபக்கம் ரிஃப்ளெக்டர் கறுத்துவிட்டது, ரிம் ஒன்றைக் காணோம். கடையில் கேட்டால் "அந்த மாடலுக்கு இப்ப வர்றதில்ல" என்கிறார்கள்.

பஸ்ஸின் பெயரைச் சொல்லிக் கேட்டால் இந்தப் பதில்தான் வரும். கம்பெனி பெரும்பாலும் சேஸிஸை மட்டும்தான் கொடுத்தது, முகப்பைக் கட்டியது பாடி பில்டர். ஒரே வருடத்து இரண்டு பஸ்களில் டூமும் (விளக்கு உட்காரும் பின்பக்கக் கிண்ணம்) ரிம்மும் (முன்னால் தெரியும் வெளிவளையம்) வேறுவேறாக இருக்கும். அதனால் விளக்கின் அளவைச் சொல்லிக் கேளுங்கள். ரிம்மைக் கழற்றிவிட்டு, கண்ணாடி யூனிட்டின் வெளிவிட்டத்தை அளந்து பாருங்கள். ரிம்மோடு சேர்த்து அளந்தால் கணக்கு தப்பும். 178 மி.மீ. வந்தால் அது ஏழு இஞ்ச் யூனிட். அமெரிக்காவில் 1940இல் சீல்டு பீமுக்கு (கண்ணாடி, ரிஃப்ளெக்டர், இழை மூன்றும் ஒன்றாக மூடிய விளக்கு) வைத்த அளவு அது, பிறகு பல நாடுகளுக்கும் பரவிவிட்டது. அம்பாசடர், மஹிந்திரா ஜீப், புல்லட், பழைய லேண்ட் ரோவர் எல்லாவற்றிலும் இதே அளவுதான். முகப்பில் நான்கு விளக்கு இருந்தால் 146 மி.மீ., அதாவது ஐந்தே முக்கால் இஞ்ச் வரும்.

ஆக, கண்ணாடியும் ரிஃப்ளெக்டரும் சேர்ந்த யூனிட் இன்றும் புதிதாகக் கிடைக்கும். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டு ஸ்பேர் கடைகளில் "ஏழு இஞ்ச் ரவுண்டு, ஜீப்புக்குப் போடுறது" என்று கேளுங்கள். டூம், ரிம், யூனிட்டைப் பிடித்துக்கொள்ளும் உள்வளையம் ஆகியவற்றுக்குப் புதுப்பேட்டை காயலான் கடைகளில் அலைய வேண்டும். டெல்லியில் இதே வேலைக்குக் காஷ்மீரி கேட், மாயாபுரி. கரூர்ப் பக்கம் பாடி கட்டும் பழைய பட்டறைகளில் விசாரிப்பதும் நல்லது. போகும்போது உங்கள் பழைய டூமைக் கையில் கொண்டுபோங்கள். திருகு துளைகளின் இடைவெளியை ஃபோட்டோவில் ஒப்பிட முடியாது.

வாங்குமுன் இரண்டு விஷயம் பார்த்தாக வேண்டும். முதலாவது வோல்ட். இரண்டு 12 வோல்ட் பேட்டரி சீரீஸில் இருந்தால் வண்டி 24 வோல்ட். அதில் 12 வோல்ட் பல்பு போட்டால் உடனே போய்விடும். சிலர் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்து ஹெட்லைட்டுக்குக் கொடுப்பார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்த பேட்டரி எப்போதும் சார்ஜ் குறைந்தே கிடக்கும், மற்றது ஓவர் சார்ஜ் ஆகிக் கொதிக்கும், இரண்டும் சீக்கிரம் சாகும்.

இரண்டாவது பல்பின் அடிப்பகுதி. லூகாஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் பழைய யூனிட்டுகளில் பி36டி என்ற வகை அடி இருக்கலாம். அதற்கு 24 வோல்ட் பல்பு தேடுவது வீண் அலைச்சல், யூனிட்டையே மாற்றிவிடுங்கள். பி45டி என்பது பழைய ஆர்2 பல்பு, 24 வோல்ட்டில் 55/50 வாட். எச்4 பல்பின் அடி பி43டி, 24 வோல்ட்டில் 75/70 வாட். ஒன்றின் யூனிட்டில் மற்றொன்று சரியாக உட்காராது. தட்டிக்கொட்டி உட்கார வைத்தால் இழை குவியத்தை விட்டு நகர்ந்து வெளிச்சம் சிதறும். எல்இடி பல்பைப் பழைய ரிஃப்ளெக்டரில் போட்டாலும் பெரும்பாலும் இதே கதைதான்: எதிரே வருபவருக்குக் கண் கூசும், உங்களுக்குச் சாலை தெரியாது.

வெளிநாட்டிலிருந்து தருவிப்பதானால் கண்ணாடியின் வரிகளைக் கவனியுங்கள். வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்குச் செய்த யூனிட்டில் டிம் வெளிச்சம் வலப்பக்கம் ஏறும், அது நம் சாலையில் எதிர் வண்டிக்காரரின் முகத்தில் அடிக்கும். ஐரோப்பிய 'இ' முத்திரை உள்ள கண்ணாடியை முன்னால் நின்று பார்க்கும்போது வலப்பக்கம் காட்டும் அம்புக்குறி இருந்தால் அது இடப்பக்கம் ஓட்டும் சாலைக்கு உரியது. அம்புக்குறியே இல்லையென்றால் வேண்டாம். பிரிட்டனிலிருந்து வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை. பழைய லேண்ட் ரோவர், மோரிஸ் கார்களுக்கான டூம், அட்ஜஸ்ட் ஸ்குரூ, ரப்பர் வளையம் அங்கே புதிதாகவே விற்கிறார்கள்.

கறுத்த ரிஃப்ளெக்டரைப் பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். மேலே இருப்பது மிக மெல்லிய அலுமினியப் பூச்சு, துணி பட்டாலே போய்விடும். குரோம் பிளேட்டிங் கொடுக்கலாம் என்று பட்டறையில் சொல்வார்கள். பார்க்கப் பளபளக்கும், ஆனால் குரோம் ஏறத்தாழ 65 சதவீத வெளிச்சத்தைத்தான் திருப்பும், அலுமினியம் 85க்கு மேல். மூல யூனிட்டையே காப்பாற்ற நினைத்தால் வெற்றிடப் பூச்சு (காற்றில்லாத அறையில் அலுமினிய ஆவியைப் படியவைப்பது) போடும் இடத்தில் கொடுங்கள். கண்ணாடியைத் திரும்ப ஒட்டும்போது வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கானைத் தவிர்த்து நியூட்ரல் வகையை வாங்குங்கள். அந்த வாடை அசிட்டிக் அமிலம், அது புதுப் பூச்சை அரித்துவிடும். ரிம் எவ்வளவு நசுங்கியிருந்தாலும் தூக்கிப் போட வேண்டாம். டிங்கரிங் செய்து, செம்பு, நிக்கல், குரோம் என்று வரிசையாக ஏற்றினால் திரும்ப வந்துவிடும். இந்த வேலையில் மறுபடி கிடைப்பது மிகவும் கஷ்டமான பாகம் அதுதான்.

டூமின் பின்பக்கம்தான் முதலில் துருப்பிடிக்கும், சக்கரம் வாரியடிக்கும் சேறு அங்கேதான் தங்கும். ஸ்பிரிங் மாட்டும் காது மெலிந்திருந்தால் புதுத் தகடு வைத்து வெல்டு செய்யுங்கள். காது விட்டுப்போனால் விளக்கு ஓட்டத்தில் ஆடிக்கொண்டே இருக்கும்.

எல்லாம் மாட்டிய பிறகும் மங்கலாக எரிந்தால் பல்பைக் குறை சொல்லுமுன் மீட்டரை எடுங்கள். விளக்கு எரியும்போதே பேட்டரி முனையிலும் பல்பு முனையிலும் வோல்ட் பாருங்கள். வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். குற்றவாளி பெரும்பாலும் எர்த்தும், பிரைட்-டிம் மாற்றும் டிப்பர் சுவிட்சும்தான். பிரைட்டுக்கு ஒன்று, டிம்முக்கு ஒன்று என 24 வோல்ட் ரிலே (சிறிய மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) இரண்டு வைத்து, 2.5 சதுர மி.மீ. வயரில் பேட்டரியிலிருந்து நேராக இழுத்து, எர்த்தைச் சேஸிஸுக்குத் தனியாகக் கொடுங்கள். 75 வாட் பல்பு இரண்டுக்கும் சேர்த்து 6.25 ஆம்பியர்தான் ஓடும். இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி பியூஸ் போடுங்கள். ஒரே பியூஸில் இரண்டையும் கட்டினால், அது போகிற இரவில் முன்னால் முழு இருட்டு.

கடைசியாக மட்டம். டயர்களில் காற்றைச் சரிபார்த்து, சமதளத்தில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். டிம் வெளிச்சத்தின் மேல்கோடு விளக்கின் நடுமட்டத்துக்கு 10 முதல் 15 செ.மீ. கீழே விழ வேண்டும்.