வாங்கும்முன் கேளுங்கள்: மேட்டுப்பாத்தியும் லோடு கணக்கும்

கேள்வி: ரப்பர் மரப் பலகை மலிவாகக் கிடைக்கிறது. மேட்டுப்பாத்திக்குச் சட்டம் அடிக்கலாமா? (மார்த்தாண்டம்)

பதில்: மருந்து ஏற்றாத பலகை என்றால் வேண்டாம். ஈர மண்ணோடு ஒட்டிக் கிடந்தால் சிதல் (கறையான்) விடாது. நம்மூரில் ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. ஹாலோ பிளாக் இரண்டு வரிசை அடுக்குங்கள், சிமெண்டுகூட வேண்டாம்.

கேள்வி: 8 அடி நீளம், 4 அடி அகலம், 1 அடி உயரத்தில் பாத்தி கட்டினேன். 'ஒரு லோடு செம்மண் போதும்' என்று மண் விற்கிறவர் முதலிலேயே பணம் வாங்கிக்கொண்டார். கொட்டிப் பார்த்தால் கால்வாசி காலி. கேட்டால் 'லோடுன்னா இவ்வளவுதான்' என்கிறார். (தக்கலை)

பதில்: இந்த லோடு கணக்கைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மீனைக்கூடத் தராசில் போடச் சொல்கிறோம், மண் மட்டும் விற்கிறவர் வாய்க்கு வந்த அளவு! உங்களுக்கு வேண்டியது 32 கன அடி. வண்டித் தொட்டி 7 அடி நீளம், நாலரை அடி அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள், மண் முக்கால் அடிதான் நிற்கிறது என்றால் 24 கன அடிகூட வராது. நடுவில் குவித்து ஓரத்தைக் காலியாக விட்டுக் கொண்டுவருவார்கள், பார்க்க நிறைய இருக்கும். அதனால் அடுத்த தடவை கொட்டும்முன் மட்டமாக இழுக்கச் சொல்லி, நடுவிலும் மூலையிலும் குச்சியைக் குத்தி டேப் பிடியுங்கள். யூனிட் கணக்கில் விற்றால், ஒரு யூனிட் என்பது 100 கன அடி. விலை பேசும்போதே எத்தனை கன அடி என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிவிடுங்கள்.

பணம் அனுப்பிய ரசீது இருக்கிறதா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகாரைப் பதியுங்கள். மசியவில்லை என்றால் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். மீதிப் பள்ளத்துக்கு அவரிடமே மண் வாங்காதீர்கள். சாணிப்பொடியும் தேங்காய் நார்த்தூளும் கலந்து நிரப்புங்கள், வெறும் செம்மண் நாலு மழையில் இறுகிவிடும்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய நார்த்தூள் கட்டியை ஊறவைத்து அப்படியே கீரை விதைத்தேன். முளைத்ததும் கருகிவிட்டது. காசு திரும்பக் கிடைக்குமா? (குலசேகரம்)

பதில்: கிடைக்காது. 'கழுவாதது' என்று அட்டையில் இருப்பதை நீங்களே போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள்! தொண்டு (தேங்காய் மட்டை) உப்புத் தண்ணீரில் ஊறியிருந்தால் தூளிலும் உப்பு நிற்கும், தவிட்டு நிறம் தெளியும்வரை இரண்டு மூன்று தடவை அலச வேண்டும். தொண்டு குவிந்து கிடக்கிற மாவட்டத்தில் இருந்துகொண்டு இதைக் கூரியரில் வரவழைத்தது வேறு.

கேள்வி: மடக்குகிற துணிப் பாத்தி வருகிறதே, ஐந்து வருடம் உழைக்குமாம்? (கருங்கல்)

பதில்: என் புறவாசலில் ஒன்று தையல் விட்டுக் கிடக்கிறது, வெண்டைக்காய் இரண்டாம் பறிப்புகூட எடுக்கவில்லை. துணிக்கு ஒன்றும் ஆகவில்லை, நூல்தான் வெயிலில் இற்றுப்போனது. ஜிஎஸ்எம் (சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) எவ்வளவு என்று நானும் கேட்டேன், நூல் என்ன நூல் என்று கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள்.

கேள்வி: 8க்கு 4 அடிப் பாத்தியை மாடியில் வைக்கலாமா? தாங்கும் என்று கடைக்காரர் சொல்கிறார். (நாகர்கோவில்)

பதில்: நனைந்த மண் கன அடிக்கு 45 கிலோவாவது இருக்கும், ஓரடி உயரத்துக்கே ஒன்றரை டன் பக்கம் வந்துவிடும். கடைக்காரர் அப்படித்தான் சொல்வார், வீடு கட்டிய இன்ஜினியரைக் கேளுங்கள்.