தாழ்ப்பாள் கேட்க லீடருக்கு உரிமை உண்டா?

கேள்வி: கடலூர் முதுநகர் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் என் மகள் எட்டாம் வகுப்பு லீடர். பெண்கள் கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லை என்று சொல்லப் போனவளை, "இதெல்லாம் பிள்ளைங்க பேசற விஷயமில்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் அவளைச் சேர்த்துவிடுவதாக ஒருவர் 2,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு பைசா கொடுக்காதீர்கள். காசுக்குக் கிடைக்கிற பதவி அந்தக் குழுவில் கிடையாது. இப்படி "சேர்த்துவிடுகிற" ஆட்கள் ஊருக்கு ஒருவர் இருக்கிறார்கள். கையில் ஒரு சங்கத்தின் லெட்டர்பேட் இருக்கும், அவ்வளவுதான்.

2009 கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். ஆக, உங்கள் மகள் சொன்னது அங்கே ஏற வேண்டுமானால் நேர்வழி நீங்களும் உங்களைப் போன்ற அம்மாக்களும்தான். குழந்தைகளைப் பாதிக்கும் விஷயத்தில் அவர்கள் கருத்தைக் கேட்க வேண்டும் என்கிற ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 1992லேயே ஏற்றுக்கொண்டது. தாழ்ப்பாளுக்கு இன்னும் அலைகிறோம்.

மகளும் தோழிகளும் ஒரு தாளில் எழுதட்டும். "அடிப்படை வசதி இல்லை" என்று எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். எத்தனை கதவு, எதில் தாழ்ப்பாள் இல்லை, எப்போதிலிருந்து என்று எழுத வேண்டும். அவள் பெயர் மட்டும் தனியாக இருக்க வேண்டாம், வகுப்பே கையெழுத்துப் போடட்டும். அதைக் குழு உறுப்பினரான ஒரு தாய் கூட்டத்தில் படித்து, என்ன வேலை, எந்தப் பணத்தில், எந்தத் தேதிக்குள் என்று தீர்மானமாக எழுதச் சொல்ல வேண்டும். பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பதும் இதே குழுவின் வேலைதான். அதிலும் இது ஏறட்டும்.

இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். சாயங்காலம் பிள்ளையைக் கூப்பிடப் போகும்போது கேட் அருகே தீர்மானப் புத்தகத்தை நீட்டுவார்கள். மேலே அரைப் பக்கம் வெற்றிடம், கீழே பெயர்களும் பாதிக் கையெழுத்தும். "மீட்டிங் முடிஞ்சிடுச்சும்மா, சைன் மட்டும் போடுங்க." போடாதீர்கள். அந்த அரைப் பக்கத்தில் பிறகு என்ன எழுதினாலும் நீங்கள் ஒப்புக்கொண்டதாகிவிடும். எழுதி முடித்த பக்கத்தைப் படித்து, கையெழுத்திட்டு, போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அரசு உதவி பெறும் பள்ளி என்றால் கதை வேறு. அங்கேயும் குழு உண்டு, ஆனால் 2012 திருத்தத்துக்குப் பிறகு ஆலோசனை சொல்ல மட்டும்தான். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிக்கும் அப்படியே. குழு சொல்லலாம், நிர்வாகம் கேட்டே ஆக வேண்டும் என்பதில்லை. இது தெரியாமல் அந்தப் பள்ளிகளில் தீர்மானப் புத்தகத்தை வைத்துக்கொண்டு சண்டை போடுகிறவர்கள் நிறைய. அங்கே நிர்வாகிக்கு எழுதி, நகலைக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்புவதே மேல். தனியார் சுயநிதிப் பள்ளிக்கு இந்தக் குழுவே கட்டாயமில்லை.

உங்களுடையது அரசுப் பள்ளி. இரண்டு கூட்டம் பார்த்தும் நகரவில்லையா, சரி, தீர்மானத்தின் படத்தோடு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள். மனுவுக்குக் கட்டணம் இல்லை. வெள்ளைத்தாளில் உங்கள் கையெழுத்திலேயே எழுதலாம். வாசலில் எழுதித் தருகிறவரிடம் போனால் பத்து வரி விஷயம் நான்கு பக்கமாகும். ரசீது வாங்காமல் கிளம்பாதீர்கள்.