பூட்டிவிட்டுப் போன குடித்தனக்காரர்

கேள்வி: ஸ்ரீராமபுரத்தில் எங்கள் வீடு, அப்பா பின்னி மில் சம்பளத்தில் வாங்கியது. 2019-ல் உயில் எழுதாமல் காலமானார். அம்மா, அண்ணன், நான் இருக்கிறோம். கீழ்ப்போர்ஷன் தையல்காரர் பதினொரு மாதத்துக்கு முன் பூட்டிவிட்டுப் போனவர் திரும்பவில்லை. வாடகை 9,000 ரூபாய், அட்வான்ஸ் 90,000. ஜன்னல் வழியே பார்த்தால் தையல் மெஷினும் ஒரு டிரங்குப் பெட்டியும் தெரிகின்றன. உடைத்து விற்றுவிடலாம் என்கிறார் அண்ணன். பின்கட்டுக் கொட்டகையில் அண்ணனின் நண்பர் நாலு வருடமாகச் சாமான் போட்டிருக்கிறார். பன்னிரண்டு வருடம் ஆனால் அவருக்கே சொந்தமாகிவிடுமாமே? கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பங்கு கிடையாது, வீட்டு வரிக் காத்தா தன் பேரில் இருக்கிறது என்றும் அண்ணன் சொல்கிறார்.
- ஒரு வாசகி, பெங்களூரு

பதில்: சகோதரி, முதல் வேலையாக அந்தப் பூட்டில் யாரையும் கை வைக்க விடாதீர்கள்.

அல்சூரில் என் கட்சிக்கார அம்மாள் ஒருவர் இப்படித்தான் உடைத்தார். உள்ளே இருந்ததைப் பழைய சாமான் கடையில் 2,000 ரூபாய்க்குப் போட்டார். நாலு மாதம் கழித்து வந்த குடித்தனக்காரர், பெட்டியில் மனைவியின் மூன்று பவுன் சங்கிலி இருந்தது என்று புகார் கொடுத்தார். சங்கிலி இருந்ததா, இல்லையா? பட்டியல் இல்லை, சாட்சி இல்லை. அந்த அம்மாளோடு ஸ்டேஷன் பெஞ்சில் நானும் ஒரு ராத்திரி உட்கார்ந்திருந்தேன். பொய் சொல்பவர் அல்ல, ஆனால் காட்ட ஒன்றும் இல்லை.

ஆள் இல்லையென்றாலும், அவர் ஒப்படைக்காதவரை அந்தப் போர்ஷன் சட்டப்படி அவர் கையில்தான் இருக்கிறது. உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. அட்வான்ஸ் பத்து மாத வாடகைக்குச் சரியாகப் போகிறது. போன மாதம் வரை வாடகை கழிந்துவிட்டது என்று அவர் வாதாடலாம். நீங்கள் உடைத்தால், ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு இடத்தைத் திரும்பக் கேட்கவும் அவருக்கு உரிமை உண்டு.

மாத வாடகைக்கு 15 நாள் நோட்டீஸ் போதும். ஒப்பந்தத்தில் உள்ள ஊர் முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். அவர் கையில் சேர்க்க முடியாவிட்டால் கதவில் ஒட்டிப் போட்டோ எடுங்கள், சொத்துரிமை மாற்றுச் சட்டமே அதை ஏற்கிறது. ‘இனி வரமாட்டேன், திறந்துகொள்ளுங்கள்’ என்று எழுத்தில் பதில் வந்தால், அக்கம்பக்கத்தார் இருவரை வைத்து, வீடியோ எடுத்துக்கொண்டே திறவுங்கள். டிரங்குப் பெட்டிக்குள் இருக்கும் புடவை வரை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பத்திரமாக வைத்து, எடுத்துப்போகச் சொல்லி மறுபடி எழுதுங்கள். அவசரப்பட்டு விற்காதீர்கள். பதிலே இல்லையென்றால் சிவில் கோர்ட்தான். தீர்ப்பு வந்து, அதை நிறைவேற்றும் கோர்ட் ஊழியரான அமீனா திறந்தால், சாமான் கணக்கும் அவர் முன்னால் நடக்கும்.

கொட்டகை பற்றிப் பயம் வேண்டாம். அனுமதியோடு இருப்பவருக்கு எத்தனை வருடம் ஆனாலும் அனுபவ பாத்தியம் (நெடுநாள் வைத்திருந்ததால் வரும் சொந்தம்) வராது. பன்னிரண்டு வருடக் கணக்கு, உரிமையாளரை எதிர்த்து, வெளிப்படையாக வைத்திருப்பவருக்குத்தான். ‘உங்கள் அனுமதியில் வைத்திருக்கிறேன்’ என்று அவரிடம் இப்போதே ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள்.

அப்புறம் பங்கு. கல்யாணமான பெண்ணுக்கு 2005-ல்தான் உரிமை வந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். அந்தத் திருத்தம் பூர்வீகக் கூட்டுச் சொத்துக்கு. அப்பா சுயமாகச் சம்பாதித்ததில் 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டமே மகளையும் மகனையும் சமமாக வைத்திருக்கிறது. அம்மா, அண்ணன், நீங்கள், ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. காத்தா வரி கட்டும் பதிவுதான், அதனால் வீடு அவருடையதாகிவிடாது. நீங்கள் எப்போதாவது பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் பதிந்து கொடுத்தீர்களா? பதிவுத் துறையின் காவேரி இணையதளத்தில் இ.சி. (வில்லங்கச் சான்று) எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் உங்கள் பங்கு அப்படியே இருக்கிறது. அண்ணன் எதிர்க்காதவரை, தையல்காரருக்கு நோட்டீஸை நீங்கள் ஒருவராகவேகூட அனுப்பலாம்.

பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100-க்குப் பேசுங்கள், அல்லது சட்டப் பணிகள் ஆணையம் இருக்கும் சித்தையா சாலை நியாய தேகுலா கட்டடத்துக்குக் கிரயப் பத்திரம், இறப்புச் சான்று, வாடகை ஒப்பந்தத்தோடு போங்கள். அம்மாவையும் கூட்டிப் போங்கள், அவருக்கும் அந்த வீட்டில் பங்கு இருக்கிறது.