மேபலை மகளுக்கு அளவுகோலாக வைக்காதீர்கள்

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. நான்கு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து காது கேட்காமல் போய்விட்டது. உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வாள், ஓரளவு பேசவும் செய்வாள். சைகை மொழி வகுப்பில் சேர்க்க நினைக்கிறேன். என் நாத்தனாரோ, "கிரகாம் பெல்லின் மனைவிக்கும் காது கேட்காது. அவருக்காகத்தான் டெலிபோனே வந்தது. அந்த அம்மாள் சைகை இல்லாமலே பெரிய ஆளாகவில்லையா? கையை ஆட்டப் பழகினால் பேச்சு போய்விடும்" என்கிறார். என்ன செய்வது?
ஒரு தாய், திருச்சி

பதில்: அன்புச் சகோதரி, காது கேளாத மனைவிக்கு எதற்கு டெலிபோன் என்று உங்கள் நாத்தனாரிடம் கேட்டீர்களா? ஒரே கம்பியில் பல தந்திகளை அனுப்ப வழி தேடியபோது பிறந்த கருவி அது. காப்புரிமை கிடைத்தது 1876இல், திருமணம் 1877இல். ஆய்வுக்குப் பணம் போட்டவரும், பெல்லின் மனைவியான மேபலின் தந்தையுமான ஹப்பர்டே, குரலை விட்டுவிட்டுத் தந்தியைக் கவனிக்கும்படி பெல்லைக் கடிந்துகொண்டவர்தான்.

மேபல் பெரிய ஆள் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. 1876இல் பிலடெல்பியா கண்காட்சிக்குப் போகப் பெல்லுக்கு மனமில்லை. மாணவர்களுக்குத் தேர்வு இருக்கிறது என்றார். மேபல் நைச்சியமாக ரயில் நிலையம் வரை அழைத்துப்போய், அங்கே பெட்டியையும் டிக்கெட்டையும் நீட்டினார். பெல் வாதாட வாயெடுத்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உதட்டைப் பார்க்காவிட்டால் வாதம் எப்படிக் காதில் ஏறும்? பெல் ரயிலேறினார். டெலிபோனை உலகம் கவனித்தது அந்தக் கண்காட்சியில்தான். திருமணத்தன்று தம் கம்பெனிப் பங்குகளில் பத்தை மட்டும் வைத்துக்கொண்டு மீதியெல்லாம் மேபலுக்கே எழுதிக்கொடுத்தார் பெல். 1907இல் விமானம் செய்யும் குழுவொன்றை அமைக்க யோசனை சொன்னதும் பணம் கொடுத்ததும் மேபல்தான். அந்தக் குழுவின் சில்வர் டார்ட் விமானம் 1909 பிப்ரவரியில் கனடாவின் படெக்கில் உறைந்த ஏரியின் மேல் பறந்தது.

ஆனால் நாத்தனார் சொல்லாத பாதியும் இருக்கிறது. ஐந்து வயதில் ஸ்கார்லெட் காய்ச்சலில் கேட்கும் திறன் போனபோது மேபலுக்குப் பேச்சு ஏற்கெனவே வந்திருந்தது. தந்தை வசதியான வழக்கறிஞர். வீட்டுக்கே வந்து பாடம் சொல்ல ஆசிரியை, பிறகு ஜெர்மனியில் படிப்பு. அத்தனை இருந்தும், இருட்டில் உதட்டைப் படிக்க முடியாது, பலர் கூடிப் பேசும் இடத்தில் பின்தொடர முடியாது. காது கேளாத மற்றவர்களின் கூட்டத்தை மேபல் வெகுகாலம் தவிர்த்தே வாழ்ந்தார். அதை நான் வெற்றிக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

பெல்லும் பள்ளிகளில் சைகையை எதிர்த்தவர். 1880இல் காது கேளாதோர் கல்விக்காக மிலானில் கூடிய மாநாடு, சைகையைவிட வாய்ப்பேச்சு முறையே மேல் என்று தீர்மானித்தது. அதன்பின் பல நாடுகளின் பள்ளிகளில் கையசைத்த பிள்ளைகள் தண்டிக்கப்பட்டார்கள். அந்தத் தீர்மானத்துக்கு 2010இல் வான்கூவரில் கூடிய அதே மாநாடு வருத்தம் தெரிவித்தது. நூற்றிமுப்பது ஆண்டுகள் கழித்து!

சைகை கற்றால் பேச்சு போய்விடாது. வகுப்பில் சேருங்கள், பேச்சுப் பயிற்சியையும் நிறுத்தாதீர்கள். காது கேளாதவரே சொல்லிக்கொடுக்கும் வகுப்பு கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். உங்கள் மகளுக்குத் தன்னைப்போன்ற ஒரு பெரியவரோடு பழக்கம் கிடைக்கும். நீங்களும் உங்கள் கணவரும் கூடவே கற்றுக்கொள்ளுங்கள். வீட்டில் யாருக்கும் தெரியாத மொழியை அவள் யாரிடம் பேசுவாள்? நாத்தனாரையும் கூப்பிடுங்கள். வர மறுத்தால், அடுத்த கல்யாண வீட்டுப் பந்தியில் மகளுக்குப் பக்கத்தில் அவரை உட்காரவைத்து, சுற்றி நடக்கும் பேச்சில் பிள்ளைக்கு எவ்வளவு எட்டுகிறது என்று கவனிக்கச் சொல்லுங்கள்.