ஹெட்லைட் மங்கலாக எரிகிறதா? பல்பை மாற்றும் முன் வோல்ட்டைப் பாருங்கள்

கேள்வி: என்னிடம் 2013-இல் வாங்கிய 100 சிசி பைக் இருக்கிறது. விடியற்காலையில் மல்லிகை மூட்டையுடன் நிலக்கோட்டை பூ மார்க்கெட்டுக்குப் போகிறேன். வழியில் தெருவிளக்கு கிடையாது. வண்டி ஐடிலில் நிற்கும்போது ஹெட்லைட் சிவந்து மங்கலாக எரிகிறது. ஆக்சிலேட்டரைத் திருகினால் கூடுகிறது, ஆனாலும் பள்ளம் மேடு தெரியும் அளவுக்கு இல்லை. கடையில் எல்இடி பல்பு போட்டுக் கொடுத்தார்கள். அது துடித்துத் துடித்து எரிந்தது. எதிரே வருகிறவர்கள் கண் கூசுகிறது என்று திட்டினார்கள். கொஞ்ச நாளில் அணைந்தும் போனது. மாற்றிக் கொடுத்த இன்னொன்றுக்கும் அதே கதிதான். இப்போது 60/55 வாட் பல்பும் ரிலேயும் போடலாம் என்கிறார்கள். போடலாமா? பேட்டரியிலிருந்து நேராக லைட் எடுத்தால் சரியாகுமா?

பதில்: 60/55 வாட் பல்பு (ஹை பீமுக்கு 60, லோ பீமுக்கு 55 வாட்) வேண்டாம், உங்கள் வண்டிக்கு ரிலே எனப்படும், மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்சும் வேண்டாம், பேட்டரியிலிருந்து நேராகவும் எடுக்க வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், உங்கள் ஹெட்லைட் பேட்டரியில் எரியவில்லை. இன்ஜினுடன் சேர்ந்து சுழலும் மேக்னட்டிலிருந்து வரும், திசை மாறி மாறி ஓடும் ஏசி மின்சாரத்தில் எரிகிறது. இன்ஜின் ஓடும்போது ஹெட்லைட் தானாகவே எரிய வேண்டும் என்ற விதி 2017 ஏப்ரல் 1 முதல் புதிய இருசக்கர வாகனங்களுக்கு வந்தது. அதற்கு முன்பு விற்ற 100 சிசி வண்டிகள் பலவற்றில் இந்த ஏசி அமைப்புதான் இருந்தது. உறுதி செய்துகொள்ள, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து ஹெட்லைட் ஸ்விட்சைப் போட்டுப் பாருங்கள். எரியாவிட்டால் உங்களுடையது ஏசி. ஹாரனும் இண்டிகேட்டரும் பேட்டரியில் ஓடுபவை என்பதால், அவை நன்றாக வேலை செய்வதை வைத்து ஹெட்லைட்டுக்குப் போகும் மின்சாரமும் சரியாக இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது.

ஏசி ஹெட்லைட் ஐடிலில் கொஞ்சம் மங்குவது இயல்பு. அதைப் பழுதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. வண்டி ஓடும்போதும் வெளிச்சம் போதவில்லை என்பதுதான் பழுது. ஹாலோஜன் பல்பைப் பொறுத்தவரை, அதற்குக் கிடைக்கும் வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்துவிடும், 13.2 வோல்ட்டில் எரிய வேண்டிய பல்புக்கு 11 வோல்ட் மட்டுமே போய்ச் சேர்ந்தால் பாதி வெளிச்சத்துக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். எனவே பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய வண்டியில், புதுப் பல்புக்குச் செலவு செய்யும் முன், இருக்கிற பல்புக்கு எவ்வளவு வோல்ட் வருகிறது என்று அளந்து பார்ப்பதே முதல் வேலை.

சாதாரண மல்டிமீட்டர் போதும். ஆனால் அளக்கும் முறையில் ஒரு கவனம் தேவை: பல்பைக் கழற்றிவிட்டு, அது செருகும் கப்ளரில் மட்டும் அளந்தால், பத்து இழைகளில் ஒன்பது அறுந்துபோன வயர்கூட முழு வோல்ட்டைக் காட்டி ஏமாற்றிவிடும். பல்பு கப்ளரில் மாட்டியபடி எரிந்துகொண்டிருக்க வேண்டும். மீட்டரின் முள்ளைக் கப்ளரின் பின்பக்கமாக வயரை ஒட்டிச் செருகி, மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து அளக்க வேண்டும். ஹோண்டா வழி வந்த வயரிங்கில் பச்சை எர்த், வெள்ளை லோ பீம், நீலம் ஹை பீம். மற்ற நிறுவன வண்டிகளில் நிறங்கள் மாறும். இன்ஜினை நடுத்தர வேகத்தில் வைத்துப் பல்பில் ஒரு அளவும், அதே வேகத்தில், வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ஆர்ஆர் (ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர்) யூனிட்டின் லைட் வயரில் ஒரு அளவும் எடுங்கள். மேக்னட்டிலிருந்து வரும் ஏசி அலை ஒழுங்கான வடிவத்தில் இருக்காது என்பதால் விலை குறைந்த மீட்டர்கள் காட்டும் எண்ணை அப்படியே நம்ப முடியாது. ஆனால் இரண்டு அளவுகளுக்கும் இடையே உள்ள வித்தியாசம் பொய் சொல்லாது. அந்த வித்தியாசம் அரை வோல்ட்டைத் தாண்டினால், வெளிச்சம் வழியில் எங்கோ தொலைகிறது என்று பொருள்.

தொலையும் இடங்கள் பெரும்பாலும் மூன்றுதான். முதலாவது பல்பின் கப்ளர். அதைக் கழற்றிப் பார்த்தால், வெள்ளையாக இருந்த பிளாஸ்டிக் ஒரு முனையில் மட்டும் பழுப்பேறி, சில சமயம் இளகியும் இருக்கும். உள்ளே இருக்கும் பித்தளை முனை பளபளப்பு இழந்து கறுத்திருக்கும், பல்பின் காலைப் பிடிக்கும் இறுக்கமும் போயிருக்கும். 35 வாட் பல்பு ஏறத்தாழ 3 ஆம்பியர் இழுக்கிறது. தளர்ந்த இணைப்பில் 0.3 ஓம் தடை இருந்தாலே அங்கேயே ஒரு வோல்ட் அளவுக்கு வெப்பமாகப் போய்விடும், அந்த வெப்பம் இணைப்பை இன்னும் தளர்த்தும். இதை உப்புத்தாளால் தேய்த்துச் சமாளிப்பதைவிட, புதுக் கப்ளர் வாங்கி வயரோடு சேர்த்துக் கிரிம்ப் செய்வது நல்லது. இரண்டாவது எர்த். ஹெட்லைட் கூண்டுக்குள் பல பச்சை வயர்கள் ஒரே முனையில் கூடும். ஹேண்டில் திரும்பத் திரும்ப வளைவதால் அந்த இடத்தில் வயர் உள்ளுக்குள்ளேயே அறுந்திருக்கும், வெளியே ரப்பர் உறை முழுசாகத் தெரியும். பல்பின் எர்த் முனைக்கும் இன்ஜின் பாடியின் சுத்தமான ஒரு போல்ட்டுக்கும் தற்காலிகமாக ஒரு வயரைத் தொடுத்துப் பாருங்கள். அந்த நொடியில் வெளிச்சம் கூடினால் நோய் எர்த்தில்தான். மூன்றாவது ஹேண்டிலில் உள்ள லைட் ஸ்விட்சும், ஹை-லோ மாற்றும் டிப் ஸ்விட்சும். மழைநீரும் தூசியும் சேர்ந்து அவற்றின் உள்முனைகளில் பச்சை படிந்துவிடும். காண்டாக்ட் கிளீனர் ஸ்பிரே அடித்துப் பலமுறை தள்ளி இழுத்தால் பெரும்பாலும் தெளியும், தெளியாவிட்டால் ஸ்விட்சை மாற்ற வேண்டியதுதான்.

இரண்டு இடத்திலும் அளவு ஒன்றாகவும் குறைவாகவும் இருந்தால், கோளாறு ஆர்ஆர் யூனிட்டிலோ மேக்னட் காயிலிலோ இருக்கிறது. அதை ஒரு நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். மாறாக, பல்பின் ஹை, லோ இரண்டு இழைகளும் ஒரே நேரத்தில் போவது, டெயில் லேம்ப் பல்பும் கூடவே போவது போன்றவை ஆர்ஆர் யூனிட் வோல்ட்டைக் கட்டுப்படுத்தவில்லை என்பதற்கோ, அந்த யூனிட்டின் எர்த் விட்டுப்போயிருப்பதற்கோ அடையாளம். சோதனை என்ற பெயரில் ஆர்ஆர் யூனிட்டைக் கழற்றிவிட்டு ஆக்சிலேட்டரை முறுக்குகிறவர்கள் உண்டு. அதை உங்கள் வண்டியில் செய்ய விடாதீர்கள். எரிந்துகொண்டிருக்கும் பல்புகள் எல்லாம் ஒரே மூச்சில் போகும்.

மின்சாரம் சரியான பிறகு டூமை, அதாவது ரிஃப்ளெக்டரும் லென்ஸும் சேர்ந்த ஹெட்லைட் கூட்டைப் பாருங்கள். பகலில் பல்பைக் கழற்றிவிட்டு அந்தத் துளை வழியாக உள்ளே நோக்கினால், ரிஃப்ளெக்டர் கண்ணாடி போல முகம் காட்ட வேண்டும். சாம்பல் பூத்தது போலவோ, பல்புக்கு மேலே ஒரு வட்டம் கருகியோ இருந்தால், எந்தப் பல்பு போட்டாலும் பயனில்லை; டூமையே மாற்ற வேண்டும். உள்ளே துணி விட்டுத் துடைத்தால் நன்றாகும் என்று எண்ண வேண்டாம், அந்த அலுமினியப் பூச்சு மிக மெல்லியது, தேய்த்தால் உரிந்துவிடும். முன்பக்க லென்ஸ் பிளாஸ்டிக்காக இருந்து மஞ்சளித்திருந்தால் மட்டும், 1000, 1500, 2000 எண் வாட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டு வரிசையாகத் தேய்த்துப் பாலிஷ் போடலாம். ஆனால் அதன்மேல் வெயில் தாங்கும் கோட்டிங் அடிக்காவிட்டால் சீக்கிரமே மீண்டும் மஞ்சளிக்கும். என் கணக்கில், பழைய 100 சிசி வண்டிக்குச் செய்யக்கூடிய மிகச் சிறந்த அப்கிரேட் ஒரிஜினல் டூமும், நல்ல நிறுவனத்தின் 35/35 வாட் பல்பும்தான். இதைச் சொன்னால் பலருக்கு ஏமாற்றமாக இருக்கிறது.

60/55 வாட் விஷயத்துக்கு வருவோம். இந்த வகை வண்டிகளில் பரவலாக இருப்பது எச்எஸ்1 எனப்படும் 35/35 வாட் பல்பு, 13.2 வோல்ட்டில் அதன் ஹை பீம் 825 லூமன் வெளிச்சம் தரும்படி வரையறுக்கப்பட்டது. 60/55 வாட் எச்4 பல்பு 1650 லூமன் தரும். இரண்டு மடங்கு என்பதால்தான் கடைக்காரர் ஆசை காட்டுகிறார். ஆனால் உங்கள் மேக்னட்டின் லைட்டிங் காயில் 35 வாட் பல்பையும் டெயில் லேம்ப்பையும் மீட்டர் பல்புகளையும் கணக்கில் வைத்துச் சுற்றப்பட்டது. 60 வாட் பல்பு அதனிடம் 5 ஆம்பியர் கேட்கும்போது காயிலால் கொடுக்க முடியாது, வோல்ட் சரியும், வோல்ட் சரிந்தால் வெளிச்சம் எவ்வளவு வேகமாகச் சரியும் என்பதை மேலே பார்த்தோம். ஐடிலிலும் மெதுவாகப் போகும்போதும் பழைய பல்பைவிட இது மங்கலாகவே எரியக்கூடும். போதாததற்கு, இரண்டு பல்புகளின் அடித்தட்டு அமைப்பும் வேறு. எச்4 பல்பின் காதுகளை ராவி உட்கார வைத்தால் இழை தன் இடத்தில் நிற்காது. நீலப் பூச்சுப் பல்புகளையும் தவிர்த்துவிடுங்கள். அந்தப் பூச்சு வெளிச்சத்தின் ஒரு பகுதியைத் தடுக்கிறதே தவிரக் கூட்டுவதில்லை.

உங்கள் எல்இடி பல்புகள் போனதற்கும் காரணம் இதே ஏசிதான். எல்இடிக்கு, பேட்டரி தருவது போல ஒரே திசையில் ஓடும் டிசி வேண்டும். ஏசியில் மாட்டினால் அலை ஏறி இறங்குவதற்கு ஏற்ப அது அணைந்து எரியும். ஐடிலில் அலை மெதுவாக வருவதால் துடிப்பு கண்ணுக்கே தெரியும். பழைய ஆர்ஆர் யூனிட்டுகள் சராசரி வோல்ட்டைக் கட்டுப்படுத்தினாலும், அலையின் உச்சி அதைவிடப் பல வோல்ட் மேலே ஏறி இறங்கும். மலிவான எல்இடி பல்பின் டிரைவர் அந்த அடியைத் தாங்குவதில்லை.

எதிரே வந்தவர்கள் திட்டியதற்குக் காரணம் வேறு. உங்கள் பழைய பல்பை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: லோ பீம் இழைக்குக் கீழே சிறு கரண்டி போன்ற உலோகத் தகடு இருக்கும். ஒளி ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதிக்குப் போகாமல் அது மறைப்பதால்தான் லோ பீம் தரையை நோக்கி விழுகிறது. மூன்று பக்கமும் சில்லு ஒட்டிய எல்இடி பல்பில் இந்த மறைப்பும் இல்லை, ஒளி பிறக்கும் இடமும் பழைய இழை இருந்த இடம் அல்ல. ஆகவே வெளிச்சம் மரக்கிளைக்கும் எதிரே வருபவர் கண்ணுக்கும் போகிறது, சாலைக்கு வருவது கொஞ்சமே. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 106-ஆம் விதியும் எதிரே இருப்பவர் கண் கூசாதபடி ஒளி கீழ்நோக்கி விழ வேண்டும் என்றே சொல்கிறது.

ரிலே நல்ல பொருள்தான், ஆனால் அது பேட்டரியில் எரியும் டிசி ஹெட்லைட்டுக்கு உரியது. 350 சிசி வண்டிகளில் 60/55 வாட் பல்பு இருந்து, ஸ்விட்ச் வழியாக வோல்ட் இழப்பு ஏற்பட்டால், ஹைக்கு ஒன்று லோவுக்கு ஒன்று என இரண்டு ரிலே வைத்து, பேட்டரியிலிருந்து 15 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் இழுப்பது நல்ல பலன் தரும். ஏசி லைனில் அதே ரிலேயை மாட்டினால் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும்.

பேட்டரியிலிருந்து நேராக எடுப்பதில் உள்ள சிக்கல் எளிய கணக்குதான். இந்த வகை வண்டிகளில், குறிப்பாகக் கிக்கர் மட்டும் உள்ளவற்றில், பேட்டரி 2.5 அல்லது 3 ஆம்பியர்-அவர் அளவுதான். ஹெட்லைட்டும் டெயில் லேம்ப்பும் சேர்ந்து 3 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அலையின் ஒரு பாதியை மட்டும் பயன்படுத்திச் சார்ஜ் செய்யும் பழைய அமைப்பு அந்த இழப்பை ஈடுகட்டாது. மார்க்கெட் போய்ச் சேர்வதற்குள் ஹாரன் மங்கிவிடும். முறையாக மாற்ற வேண்டுமென்றால், எர்த்தில் கட்டியிருக்கும் காயில் முனையைப் பிரித்தோ காயிலைப் புதிதாகச் சுற்றியோ, முழு அலையையும் பயன்படுத்தும் ஃபுல் வேவ் ஆர்ஆர் யூனிட்டும் பெரிய பேட்டரியும் வைத்து வண்டியை டிசிக்கு மாற்ற வேண்டும். அதன் பிறகு, தனக்கென்று லென்ஸ் அமைப்புள்ள முழு எல்இடி ஹெட்லைட் யூனிட்டை வைத்தால், 35 வாட்டைவிடக் குறைந்த மின்சாரத்தில் கூடுதல் வெளிச்சம் கிடைக்கும். வண்டியை இன்னும் பல வருடம் வைத்துக்கொள்வதாக இருந்தால் மட்டுமே இந்தச் செலவு தகும். அதையும் இந்த மாற்றத்தை ஏற்கெனவே செய்து பழகியவரிடமே கொடுங்கள்.

கடைசியாக ஒரு வேலை, காசில்லாதது. மூட்டை பின்னால் ஏறியதும் வண்டியின் பின்பகுதி அமுங்கி, முன்பகுதி நிமிர்ந்து, ஹெட்லைட் வானம் பார்க்கும். நீங்கள் போதவில்லை என்று சொல்லும் வெளிச்சத்தில் ஒரு பங்கு இப்படி மேலே போய்க்கொண்டிருக்கலாம். டயர்களில் சரியான காற்று இருக்கும்போது, வழக்கமான மூட்டையைக் கட்டி, நீங்கள் ஏறி உட்கார்ந்து, சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி வண்டியை நேராக நிறுத்துங்கள். தரையிலிருந்து ஹெட்லைட்டின் நடுப்பகுதி எவ்வளவு உயரமோ அதே உயரத்தில் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, லோ பீம் வெளிச்சத்தின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் கீழே விழும்படி டூமின் அடியில் உள்ள ஸ்குரூவைத் திருப்புங்கள். மூட்டை இல்லாமல் திரும்பும்போது வெளிச்சம் சற்றுக் கிட்டத்தில் விழும். நீங்கள் திரும்புவது விடிந்த பிறகு என்றால் அது பெரிய குறையாகத் தெரியாது.