டீச்சர் பதில்கள்: பூட்டு கேட்ட பையன்

கேள்வி: டீச்சர், நான் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். பக்கத்தில் உள்ள குழந்தைகள் இல்லத்தில் 32 பிள்ளைகள். கிறிஸ்துமஸுக்கு உடுப்பு கொடுக்க ஆசை. மிச்சம் விழுந்த ஒரே டிசைன் டி-ஷர்ட்டை முதலாளி சும்மாவே தருகிறேன் என்கிறார். வாங்கிக் கொடுத்துவிடலாமா?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: கொடுங்கள். ஆனால் கிறிஸ்துமஸ் உடுப்பு என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். வீட்டில் போட்டுக்கொள்ள ஆகும்.

நான் பாளையங்கோட்டையில் போர்டிங்கில் வளர்ந்தவள். ஆறாம் வகுப்பில் இருந்தபோது, புண்ணியவான் ஒருவர் டிசம்பரில் ஒரு பேல் துணி கொடுத்தார். ஊதாவில் மஞ்சள் பூ. நல்ல துணிதான், குறை சொல்லக் கூடாது. எல்லோருக்கும் அதிலேயே பாவாடை தைத்தார்கள். 25-ஆம் தேதி அதிகாலை ஆராதனைக்கு வரிசையாகப் போய்க் கோயிலுக்குள் நுழைந்தோம். "போர்டிங் பிள்ளைய வருது, தள்ளி இருங்க" என்றாள் ஒரு பாட்டி. இடம் விடத்தான் சொன்னாள், பாவம். எனக்கோ அந்தப் பாவாடையை அங்கேயே கழற்றி எறியலாம் போல இருந்தது.

அடுத்த வருஷம் தையல் டீச்சர் ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு, "உனக்கு என்ன கலர் பிடிக்கும்?" என்று கேட்டு ரிப்பன் வாங்கி வந்தார். நான் பச்சை சொன்னேன். அதுவரை அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. ரிப்பன் நைந்து நூலாகும்வரை கட்டினேன்.

அதனால் முதலில் வெறுங்கையோடு ஒரு தடவை போய்ப் பேர், அளவு, கலர் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். திருப்பூரில் இருந்துகொண்டு கலருக்கா பஞ்சம்? பெரிய பெண் பிள்ளைகளுக்கு உள்ளாடை தேவைப்படும், வெட்கப்பட்டுக் கேட்க மாட்டார்கள். பொறுப்பாளர் அம்மாவைத் தனியாக விசாரியுங்கள். கேக்கோடு பத்துப் பேர் வருவார்கள், இதைக் கொண்டுவர ஆளில்லை. அப்புறம், அரையாண்டு லீவு விட்டதும் பாதிப் பேர் பாட்டி வீடு, சித்தி வீடு என்று போய்விடுவார்கள். போக வீடில்லாமல் மிஞ்சுகிற பிள்ளைகளைப் பார்க்க 27, 28-ஆம் தேதி வாக்கில் இன்னொரு நடை போய் வாருங்கள்.

கேள்வி: பரிசு கொடுக்கும்போது போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போட்டால் நாலு பேருக்குக் கொடுக்கத் தோன்றுமே?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: நாலு பேர் உங்களுக்கு இதயக்குறி போடுவார்கள். அந்தப் பிள்ளையோடு படிக்கிறவனும் அதைப் பார்ப்பான். பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகளின் அடையாளம் வெளியே வரக் கூடாது என்பதற்காகவே 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தில் 74-ஆம் பிரிவு இருக்கிறது. கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு மூலமான மைரா நகரத்து ஆயர் நிக்கோலஸே, மூன்று ஏழைப் பெண்களின் வீட்டில் ராத்திரி ஜன்னல் வழியாகப் பணமுடிப்பைப் போட்டுவிட்டு நழுவினார் என்றுதான் கதை.

கேள்வி: கொடுத்ததில் உங்களுக்கு மறக்க முடியாத சந்தோஷம் எது?
- ஒரு வாசகி, மார்த்தாண்டம்

பதில்: வருஷா வருஷம் நாகர்கோவிலில் ஓர் இல்லத்துக்கு முந்திரிக்கொத்து செய்து கொண்டுபோவேன். (பேரில்தான் முந்திரி, உள்ளே சிறுபயறும் கருப்பட்டியும்.) போன டிசம்பரில் எட்டு வயசுப் பையன் ஒருவனிடம் என்ன வேண்டும் என்று கேட்டேன். கிரிக்கெட் மட்டை என்பான் என்று பார்த்தால், "பூட்டு" என்றான்.

"எதுக்குப்பா?"

"என் பெட்டிக்கு."

திண்டுக்கல் பூட்டாகப் பார்த்து வாங்கிக் கொடுத்தேன். நாலைந்து தடவை பூட்டித் திறந்து பார்த்தான். ஒரு சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டு, இன்னொன்றை என் கையில் வைத்தான். "நீங்க வச்சுக்கோங்க டீச்சர். தொலைஞ்சா வந்து கேக்கேன்."

என் வீட்டுச் சாவிக்கொத்தில் அதுவும் கிடக்கிறது. இன்னும் கேட்கவில்லை.