விலங்குக் கதைகளில் சாவும் பிழைப்பும்: கேள்வி பதில்

கேள்வி: 'வாட்டர்ஷிப் டவுன்' முயல் கதைதானே? ஆறு வயதுப் பிள்ளைக்குக் காட்டலாமா?

பதில்: முதலில் நீங்கள் பாருங்கள். 1978இல் வந்த, இரத்தம் தெறிக்கும் அந்தப் படத்துக்குப் பிரிட்டனில் அனைவருக்குமான 'யு' சான்றிதழ் கொடுத்திருந்தார்கள். வெகுகாலம் கழித்தே அது, பெற்றோர் வழிகாட்டல் தேவை என்னும் 'பிஜி' ஆயிற்று. அனிமேஷன் என்பதாலேயே ஒரு படம் குழந்தைகளுக்கு உரியதாகிவிடாது.

கேள்வி: இரத்தத்தைத் தவிர அக்கதையில் என்ன இருக்கிறது?

பதில்: ரிச்சர்ட் ஆடம்ஸின் 1972 நாவலில் ஒரு வளை வருகிறது. சுருக்கு வைத்துப் பிடிப்பதற்காகப் பண்ணைக்காரர் தீனி போடுவதால் அங்குள்ள முயல்கள் கொழுத்திருக்கின்றன. ஆனால், 'இன்னார் எங்கே?' என்று மட்டும் அங்கே யாரும் கேட்கக் கூடாது. புதிதாக வந்த பிக்விக் என்ற முயலின் கழுத்தில் கம்பிச் சுருக்கு இறுகும்போது, அதன் தோழர்கள் மண்ணைத் தோண்டி, சுருக்கைப் பிணைத்திருக்கும் முளையைப் பல்லால் கடித்து அறுக்கிறார்கள். வளைக்காரர்களோ உதவிக்கு வர மறுக்கிறார்கள். சாவைப் பற்றிப் பேச மறுத்த கூட்டம், பிழைக்கும் வித்தையையும் இழந்து நிற்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய இடத்தை நான் வாசித்ததில்லை.

கேள்வி: 'பாம்பி' படத்தில் மான்குட்டி பாம்பியின் தாய் சாவதை ஏன் காட்டவில்லை?

பதில்: குட்டிக்குத் தெரிந்தது துப்பாக்கிச் சத்தமும் பனியும்தான், 1942 படம் அதன் பார்வையை மீறாதது சரியே. ஆனால் ஃபெலிக்ஸ் சால்டனின் நாவலில், சுடப்பட்டுக் கிடக்கும் மனிதனை முதிய கலைமான் பாம்பிக்குக் காட்டும் இடம் படத்தில் இல்லாதது பேரிழப்பு.

கேள்வி: எட்டு வயதுக்கு?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ஆடம்ஸின் 'பிளேக் டாக்ஸ்' நாவலில் நாய்கள் படகில் காப்பாற்றப்படுகின்றன. 1982 படம் அவற்றைக் கடலில் விட்டுவிட்டது அநியாயமில்லையா?

பதில்: இல்லை. ஆய்வுக்கூடத் தொட்டியில் மூழ்கும்வரை நீந்தவிட்டு, உயிர்ப்பித்து, மறுநாளும் மூழ்கடிக்கப்பட்ட நாய் ரௌஃப். தண்ணீரைக் கண்டாலே நடுங்கும் அது, தோழனைப் பின்தொடர்ந்து தானாகக் கடலில் இறங்குகிறது. அங்கே ஒரு படகு வந்தால், அந்தத் துணிவின் கனம் குறைந்துவிடும்.

கேள்வி: நம்பிக்கையைப் பறிப்பதா துணிவு? வாசகர் பட்ட துன்பத்துக்கு ஆறுதல் வேண்டாமா?

பதில்: உங்கள் ஆதங்கம் எனக்குப் புரிகிறது, அந்நாய்கள் கரைசேர வேண்டுமென்று நானும் ஏங்கினேன். ஆயினும் படம் அவற்றின் சாவைக் காட்டவில்லை. மூடுபனிக்குள் நீந்திச் செல்வதோடு விட்டுவிட்டு, பெயர்கள் ஓடும்போது தொலைவில் ஒரு தீவைக் காட்டுகிறது.